கழித்துப் போட்ட சத்தம்

“அம்மா, ஒரு பெரிய மனுசன் மானத்தைக் காப்பாத்தணும். அதுக்காக ஒரு பொய் சொல்லலாமா?”

சிவசைலம் இப்படிக் கேட்டுக்கொண்டேதான் படியேறி வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

பாபநாசத்தில் ஆற்றை ஒட்டிய வீட்டில் இருக்கும் பூரணத்தம்மாவுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. இருந்தாலும் மனதில் முள் தைத்தால் சிவசைலம் வந்து நிற்கிற இடம் அதுதான்.

அம்மா முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

“யாரு மானம், அண்ணாச்சி?”

“ஆவுடையப்பர் மானம்.”

வேறு யாராக இருக்கும்? பாடகர் ஆவுடையப்பர் இறந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. அவர் பாடிய இசைத்தட்டு, கேசட், ரேடியோவில் வந்தது, கல்யாண வீட்டில் யாரோ பிடித்து வைத்தது என்று ஒன்று விடாமல் சேர்த்தவர் சிவசைலம். பழையதைச் சுத்தம் பண்ணிப் புதிதாக வெளியிடுவதும் அவர்தான். வீட்டில் ஒரு கட்டில் போட இடமில்லை என்று அவர் மனைவி சொல்வது கொஞ்சம் மிகை. கட்டில் இருக்கிறது. அதன் மேலும் கேசட் இருக்கிறது.

“அவரோட கடைசிக் கச்சேரி கெடச்சிருக்கும்மா. கோயில் கொடைத் திருவிழாவுல பாடினது. மைக்செட்காரர் வீட்டுப் பரண்ல கெடந்துது.”

“நல்ல சேதிதானே.”

சிவசைலம் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“பாதிப் பாட்டுல வரியை மறந்துட்டாரும்மா. ‘ஆற்று நிலாவே, அசையாமல் நில்லேன்.’ இந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுதாரு. வரவரக் குரலும் இறங்கிப் போகுது. அடுத்த வரி வரவே மாட்டேங்கு. இதை வெளிய விட்டா, கிழவருக்குப் புத்தி தடுமாறிட்டுன்னு சிரிப்பாங்க. அந்த இடத்தை வெட்டிரலாம்னு பாக்கேன். வெட்டினா நான் பொய்யன். வெட்டாட்டி அவருக்குத் துரோகி.”

“போடுங்க, கேப்போம்.”

லேப்டாப்பைத் திறந்து போட்டார். புளி போட்டுத் துலக்கிய வெண்கலம் மாதிரி குரல் பளிச்சென்று வந்தது. பிறகு அந்த வரி. மறுபடி அதே வரி. மறுபடியும்.

சிவசைலம் தலையைக் குனிந்துகொண்டார். பெற்ற தகப்பன் ஊர் முன்னால் தடுமாறுவதைப் பார்ப்பது போல அவருக்கு வலித்தது.

“இம்புட்டுச் சுத்தமா இருக்கே. கொடையில ஒரு சத்தமும் இல்லையா?”

“டேப்பு முழுக்க இரைச்சல்தாம்மா. காது குடுத்துக் கேக்க முடியல. நேரா மெஷின்ல விட்டுட்டேன். அது குரலை ஒரு பக்கம், மத்த சத்தத்தை எல்லாம் ஒரு பக்கம்னு பிரிச்சுத் தந்துரும்.”

“மத்த சத்தம் எங்க?”

“இதுலதான் ஒரு மூலையில கெடக்கும். கழிச்சுப் போட்டதும்மா அது.”

அம்மா முறத்தின் ஓரத்தில் ஒதுங்கிய தொலியை விரலால் ஒரு தடவை கிளறிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கீழே தட்டினார்.

“அதையும் சேத்துப் போடுங்க.”

“அதைப் போயா? யாரும்மா அதை...”

“போடுங்க, அண்ணாச்சி.”

போட்டார்.

ஜெனரேட்டர் ஓடியது. யாரோ இருமினார்கள். பலூன்காரன் பலூனைத் தேய்த்துக் கீச்சென்று சத்தம் எழுப்பினான். அதற்கு நடுவில் ஒரு கைக்குழந்தை வீரிட்டு அழுதது.

“பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போ தாயி,” என்று கூட்டத்தில் ஓர் ஆள் அதட்டினார்.

“இருங்கய்யா, அடங்கிருவான்,” என்று ஒரு பெண்குரல் கெஞ்சியது.

அப்போதுதான் ஆவுடையப்பர் அந்த வரியைத் திரும்பப் பாடினார். கொஞ்சம் தணித்துப் பாடினார்.

குழந்தை அழுதது. அவர் இன்னும் தணித்தார்.

அழுகை விசும்பலானது. அதே வரி.

சிவசைலத்தின் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு.

விசும்பலும் நின்றது. ஆவுடையப்பர் அடுத்த வரிக்கு மூச்செடுத்தார். குழந்தை லேசாகச் சிணுங்கியது. எடுத்த மூச்சில் அவர் பழைய வரியையே பாடினார்.

பூரணத்தம்மா கேட்டார்.

“எந்த இடத்தை வெட்டணும்னீங்க, அண்ணாச்சி?”

சிவசைலம் உதட்டில் விரல் வைத்தார்.

“மெதுவாப் பேசுங்கம்மா. பிள்ளை இப்பத்தான் கண்ணசருது.”