எண் இருபத்தேழு

"பதினோராயிரம் பேர் சேர்ந்தாங்க, பியூலா. முடிச்சது நாற்பத்தொரு பேர். கடையைக் கட்டிடலாம்."

தணிகாசலம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பத்தாம் வகுப்புக் கணக்கை இணையத்தில் இலவசமாக நடத்துகிறார். உலகத்தில் எங்கிருந்தும் சேரலாம்.

அதைப் படம்பிடித்து வெட்டி ஒட்டுகிறவள் பியூலா. ஒரு காலத்தில் அவரிடம் படித்தவள். இந்த வேலையில் மட்டும் அவள் குரு, அவர் சீடர். திட்டும் வாங்குவார்.

"நாற்பத்தொண்ணு குறைச்சலா ஐயா?"

அவர் பழைய வகுப்பறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். காலையில் வருகைப் பதிவேட்டைத் திறந்து எண்ணைக் கூப்பிட்டால், பெஞ்சுக்குப் பெஞ்சு "உள்ளேன் ஐயா" என்று எழுந்து நிற்பார்கள். அந்தச் சத்தத்துக்கு அவர் மனசு இன்னும் ஏங்கியது. இங்கே கேமராவைப் பார்த்துத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது.

"யார் வந்தா, யார் வரலன்னே தெரியல. பதினஞ்சு நாள் வராதவங்க பேரை அப்போ சிவப்பு மையில அடிச்சிடுவேன். இங்க எத்தனை பேரை அடிக்கிறது?"

பியூலா போனை அவர் முன்னால் வைத்தாள்.

மூன்றாம் பாடம். அதன் கீழே, பாடத்தைப் பார்த்தவர்கள் எழுதிய குறிப்புகள். அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. யாராவது திட்டியிருப்பார்களோ என்று பயம்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"உள்ளேன் ஐயா. எண் 27, பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, பாதியில் நின்றவள். இப்போ குவைத்தில் வீட்டு வேலை. வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் கையில் கிடைக்கும்."

அடுத்த வெள்ளிக்கிழமை, "உள்ளேன் ஐயா."

அதற்கடுத்த வெள்ளியும் அதேதான். பிறகு ஐந்து வாரம் ஆளைக் காணோம். ஆறாவது வாரம் மறுபடி, "உள்ளேன் ஐயா."

"ஜெசிந்தா" என்றார்.

படிப்பை விட்டு இறால் உரிக்கும் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். முப்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பெயரை அடித்தது அவர் கைதான். ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தார்.

"முடிச்சிட்டாளா?"

"இல்ல ஐயா. ஏழு மாசமா மூணாம் பாடத்துலதான் இருக்கா. உங்க நாற்பத்தொண்ணுல அவ வரமாட்டா."

அவள் அடுத்துப் பார்க்கப்போகும் நாலாம் பாடத்தை மறுபடி எடுக்க வேண்டும், கேமராவைப் போடு என்றார்.

வழக்கமான வணக்கம் சொல்லவில்லை.

"எண் இருபத்தேழு" என்று கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுச் சும்மா நின்றார். அப்புறம்தான் பாடத்தைத் தொடங்கினார்.

மாலையில் வெட்டி ஒட்ட உட்கார்ந்த பியூலா கேட்டாள்.

"ஆரம்பத்துல இருபது செகண்டு சத்தமே இல்லையே ஐயா. வெட்டிடவா?"

"வேண்டாம். அது அவ பதில் சொல்ற நேரம்."