துண்டுக்குள் ஒரு முகம்

நல்லசிவம் பேராசிரியர். இருபது வருஷம் காக்கையைத்தான் ஆராய்ந்தார். ஓய்வு பெற்ற பிறகு, தன்னைவிடப் பதினைந்து வயசு சின்னவரான ஆற்றங்கரை மடத்துச் சாமியிடம் சீடராகச் சேர்ந்தார். சேர்ந்தாரே தவிர, வாதம் பண்ணுவதை விட்டபாடில்லை.

அவருடைய அம்மாவின் பதினாறாம் நாள் படையல் மடத்துப் படித்துறையில் நடந்தது. இலையில் சோறு வைத்துக் கா கா என்று கூப்பிட்டே தொண்டை வறண்டுபோனது. உச்சி வெயில். மதில் மேல் நாற்பது காக்கைகளாவது இருக்கும். ஒன்றும் கத்தவில்லை, ஒன்றும் இறங்கவில்லை. எல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

காக்கை தொடாமல் யாரும் சாப்பிட முடியாது. அக்கா தெய்வாத்தாளுக்குச் சர்க்கரை வேறு. மதிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அம்மாவுக்குக் கோவம்டா. உன்னைப் பாக்கோணும்னு பத்து நாள் வாசலையே பாத்துட்டுக் கெடந்தா. நீ வெளிநாட்டுல கட்டுரை வாசிச்சிட்டிருந்த."

நல்லசிவம் சாமியிடம் திரும்பினார்.

"கோவமெல்லாம் இல்லீங்க சாமி. ஒன்பது வருஷம் முந்தி இதே கரையில வலை போட்டுக் காக்கா பிடிச்சேன். கால்ல வளையம் மாட்டி விட்டேன். பிடிச்சவன் முகத்தைக் காக்கா மறக்காது. குஞ்சுக்கும் காட்டிக் குடுக்கும். அவ்வளவுதான் அறிவியல்."

"அப்படிங்களா," என்றார் சாமி. தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "மூஞ்சியை மூடிக்குங்க."

கண் மட்டும் தெரியும்படி கட்டிக்கொண்டு, ஒரே தரம் கூப்பிட்டார். மதில் மொத்தமும் இறங்கி வந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

"பாத்தீங்களா சாமி? முகம்தான் காரணம். அம்மாவும் இல்ல, ஆத்மாவும் இல்ல."

குரலில் மிடுக்கு இருந்தது.

திடீரென்று காக்கைகள் எல்லாம் ஒருசேரப் பறந்துபோயின. ஒன்று மட்டும் நின்றது. கிழட்டுக் காக்கை, காலில் வெளுத்துப்போன சிவப்பு வளையம். அது சோற்றைத் தொடவில்லை. தத்தித் தத்தி அவர் காலடிக்கு வந்து, தலையைச் சாய்த்துத் துண்டுக்குள் எட்டிப் பார்த்தது. அவர் ஓரடி பின்னால் போனார். அதுவும் ஓரடி முன்னால் வந்தது.

அவருக்குப் பயமாக இருந்தது.

"சாமி, இது என்ன பாக்குது?"

"காக்கான்னா, வலை போட்டவன் நீங்கதானான்னு பாக்குது. உங்கம்மான்னா, சாப்பிட்டியான்னு பாக்குது. துண்டை எடுங்க, தெரிஞ்சிரும்."

நல்லசிவத்தின் கை முடிச்சு வரைக்கும் போனது. அப்புறம் அங்கேயே நின்றுவிட்டது.