ஓட்டு மேல ஒரு ஆடு

ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தாரு. ராஜா எப்ப வருவாருன்னு கேக்காத, இதுல ராஜாவே கிடையாது. ராஜா கதை சொன்னா உனக்கு முன்னாடி அத்தைக்குத் தூக்கம் வந்துரும். காலை என் மேல போட்டுக்கோ. போர்வையை உதைக்காத. நான் சொல்லச் சொல்ல நீ ம் போடணும், சரியா?

ம்.

அந்த அப்பா பேரு வீரமுத்து. குவைத்துல தண்ணி லாரி ஓட்டுறாரு. அவருக்கு ஒரு பொண்ணு, பேரு ஆதிரை. அது பொறந்து தலை நிக்கிறதுக்குள்ள இவரு பொட்டியைத் தூக்கிக்கிட்டு விர்ருன்னு பிளேன் ஏறிட்டாரு. அப்புறம் அது தவழ்ந்தது, நடந்தது, பல்லு முளைச்சு எல்லாரையும் கடிச்சது, எல்லாத்தையும் இவரு போன்லதான் பாத்தாரு. சாயங்காலம் ஆனா போன் ட்ரிங் ட்ரிங்குன்னு அடிக்கும். அவங்க அம்மா செண்பகம் எடுத்து, அப்பா பாரு, அப்பா பாருன்னு காட்டுவா. ஆதிரை போனுக்கு இச்சுன்னு ஒரு முத்தம் குடுக்கும். போனுக்குச் சோறு ஊட்டும். ஒரு நாள் ரசஞ்சோத்தை வழிச்சு போன் மேல அப்பிருச்சு, செண்பகம் துணியை வச்சு தொடை தொடைன்னு தொடைச்சா.

இப்படியே வளந்ததுல என்ன ஆச்சு தெரியுமா? அந்தப் புள்ளைக்கு அப்பான்னா போனுதான். கை அகலத்துக்கு, பளபளன்னு, சார்ஜ் போட்டா முழிச்சுக்கிற ஒரு ஆளு.

அப்போ வீரமுத்துவுக்கு ஒரு மாச லீவு கிடைச்சுது. ஆசை ஆசையா வந்தாரு. வாசல்ல நின்னு ரெண்டு கையையும் விரிச்சாரு. ஆதிரை அண்ணாந்து பாத்தது. அவரு காலைப் பாத்தது, வயித்தைப் பாத்தது, மீசையைப் பாத்தது. அப்புறம் குடுகுடுன்னு உள்ள ஓடிப் போய் போனை எடுத்துக்கிட்டு வந்து, அவரைப் பாக்குற மாதிரி திருப்பிப் புடிச்சு, போன்கிட்ட சொல்லுச்சு: "அப்பா, நம்ம வீட்டுக்கு ஒரு மாமா வந்திருக்காரு."

எல்லாரும் கொல்லுன்னு சிரிச்சாங்க. அவரும் சிரிச்சாரு. சிரிச்சுக்கிட்டே கொல்லைப் பக்கம் போய் ரொம்ப நேரம் முகம் கழுவுனாரு.

ம் போடு. தூங்கிட்டியோன்னு பாத்தேன்.

சாக்லேட்டு குடுத்தாரு. எட்ட நின்னு கையை நீட்டி வாங்கிக்கிட்டு, தேங்க்ஸ் மாமான்னு ஓடிருச்சு. பொம்மை குடுத்தாரு. அதுக்கும் தேங்க்ஸ் மாமாதான். அவருக்கு வேற ஒண்ணும் வேண்டாம். லீவு முடியுறதுக்குள்ள இந்தப் புள்ள ஒரு தடவை தானா வந்து மடியில உக்காரணும், அவ்வளவுதான். இந்தத் தடவை விட்டா அடுத்த லீவு எப்பன்னு அவருக்கே தெரியாது. அதுக்குள்ள அது ஸ்கூலுக்குப் போயிரும், சைக்கிள் ஓட்டும், அப்புறம் மடியெல்லாம் அதுக்கு எதுக்கு?

அப்போ செண்பகம் ஒண்ணு சொன்னா. பால்வாடியில டீச்சர் படப் புஸ்தகத்தை விரிச்சா போதுமாம், முதல்ல மடியில ஏறுறது நம்ம ஆதிரைதானாம். அட, இது தெரியாம போச்சேன்னு வீரமுத்து சட்டையை மாட்டிக்கிட்டு டவுனுக்குக் கிளம்பிட்டாரு.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு புஸ்தகக் கடை. உள்ள போனா சுவர் பூரா படப் புஸ்தகம். லாரிக்காரரு புஸ்தகம் வாங்குனா எப்படி வாங்குவாரு? டயர் வாங்குற மாதிரிதான். தட்டிப் பாத்தாரு, டொக் டொக். அமுக்கிப் பாத்தாரு. கையில தூக்கிக் கனம் பாத்தாரு. இருக்கிறதுலயே தடியா ஒண்ணு, அட்டை சும்மா தகதகன்னு மின்னுது, உள்ள உலகத்துல இருக்கிற அத்தனை சாமானும் படமா இருக்கு. இதான் புஸ்தகம்னு வாங்கிட்டு வந்தாரு.

வந்து நாற்காலியில நிமிந்து உக்காந்தாரு. விரிச்சு வச்சுக்கிட்டு, ஆதிரை, இது என்னன்னு கேட்டாரு. கதவுக்குப் பின்னாடி இருந்து, ஆப்பிள்னு சத்தம் வந்தது. இது என்ன? ஆனை. இது என்ன? பஸ்ஸு. இந்த பஸ்ஸு என்ன கலருன்னாரு. கதவுக்குப் பின்னாடி இருந்து தலை மட்டும் வெளிய வந்தது.

"உங்களுக்குத் தெரியாதா மாமா?"

"எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுதான்னு பாக்குறேன்."

"எனக்கும் தெரியும்," அப்படின்னுட்டு தலை உள்ள போயிருச்சு. அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சது. இந்தப் பெரியவங்களுக்கு ஒரு வியாதி கண்ணு, கையில புஸ்தகம் கிடைச்சா உடனே பரீட்சை வச்சிருவாங்க.

மறுநாள் காலையில டொம்முனு ஒரு சத்தம். என்னன்னு ஓடிப் போய்ப் பாத்தா, ஆதிரை அந்தத் தடிப் புஸ்தகத்தை ஜன்னலுக்குக் கீழ போட்டு, அது மேல ஏறி நின்னு அணில் பாத்துக்கிட்டு இருக்கு. நல்ல உறுதியான புஸ்தகம், கொஞ்சங்கூட நசுங்கல.

சிரிக்காத. சிரிச்சா தூக்கம் கலைஞ்சிரும்.

அப்புறம் வீரமுத்து யோசிச்சாரு. புள்ளைங்களுக்குச் சத்தம்னாதானே புடிக்கும், அந்தப் புஸ்தகம் ஊமையா இருந்தா எப்படி வரும்? மறுபடி டவுனு, மறுபடி அதே கடை. இந்தத் தடவை பட்டன் வச்ச புஸ்தகம். ஒரு பட்டனை அமுக்குனா கொக்கரக்கோ. ஒண்ணை அமுக்குனா ம்மே. ஒண்ணை அமுக்குனா டுர்ர்ருன்னு டிராக்டர். கடையிலேயே எல்லாத்தையும் அமுக்கிப் பாத்தாரு, கடைக்காரரு காதைப் பொத்திக்கிட்டாரு.

ஆதிரைக்கு அந்தப் புஸ்தகம் ரொம்பப் புடிச்சுப் போச்சு. புடிச்சா என்ன? லபக்குன்னு வாங்கிக்கிட்டு கட்டிலுக்கு அடியில போயிருச்சு. காலையில கொக்கரக்கோ, மத்தியானம் டுர்ர்ரு, சாயங்காலம் ம்மே. வீரமுத்து தரையில குப்புறப் படுத்து எட்டிப் பாத்தாரு. அவ்ளோ பெரிய ஆளு, மீசை தரையில பெருக்குது. நானும் உள்ள வரட்டுமான்னு கேட்டாரு. இடமில்ல மாமான்னு சொல்லிட்டு டுர்ர்ருன்னு ஒரு அமுக்கு.

ஒரு நாள் சேவல் கொ... க்... கன்னு இழுத்துச்சு, அப்புறம் நின்னு போச்சு. பேட்டரி தீந்து போச்சு. ஆதிரை கட்டிலை விட்டு வெளிய வந்து, நேரா அவருகிட்ட வந்து, புஸ்தகத்தை நீட்டுச்சு. வந்துருச்சு, புள்ள வந்துருச்சுன்னு அவரு அவசர அவசரமா புது பேட்டரி போட்டாரு. சேவல் கொக்கரக்கோன்னுச்சு. ஆதிரை வாங்கிக்கிட்டு திரும்பவும் கட்டிலுக்கு அடியில போயிருச்சு.

அன்னைக்கு அவரு சோறு சரியா சாப்பிடல.

ம்.

லீவு கரைஞ்சுக்கிட்டே வந்தது. செண்பகம் ஊறுகாய் எல்லாம் டப்பாவுல அடைக்க ஆரம்பிச்சுட்டா. அப்போ மூணாவது தடவையா வீரமுத்து அந்தக் கடைக்குப் போனாரு. இந்தத் தடவை எதைப் பாத்து வாங்குறதுன்னு அவருக்கே தெரியல. கால் வலிச்சுது, கடைத் தரையிலயே சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு. உக்காந்ததும்தான் பாத்தாரு, கீழ்த் தட்டுல ஒரு வரிசை இருக்கு. நின்னுக்கிட்டு வாங்குறவங்க கண்ணுக்கு அது படவே படாது.

ஒண்ணை எடுத்தாரு. பல்லைத் தேய், மண்ணைத் தின்னாதே, அடம் புடிக்காதேன்னு பக்கத்துக்கு ஒரு அதட்டல். படிச்சு முடிக்கிறதுக்குள்ள இவருக்கே யாரோ தலையில குட்டுன மாதிரி இருந்துச்சு. வச்சுட்டாரு. இன்னொண்ணை எடுத்தாரு. அதுல மேகம் சிரிக்குது, பூ சிரிக்குது, கல்லு சிரிக்குது, எதுக்குச் சிரிக்குதுன்னு தெரியல. அதையும் வச்சுட்டாரு. அப்புறம் ஒல்லியா ஒரு புஸ்தகம் கையில வந்தது. அட்டையில ஒரு ஓட்டு வீடு. ஓட்டு மேல, உச்சியில, ஒரு ஆடு நிக்குது. நிம்மதியா அசை போட்டுக்கிட்டு நிக்குது. கீழ ஒரு அம்மா இடுப்புல கையை வச்சுக்கிட்டு அண்ணாந்து பாக்குறாங்க. ஏணி இல்ல, மரம் இல்ல, பக்கத்துல ஒரு குட்டிச்சுவர்கூட இல்ல.

அட, இது எப்படி மேல ஏறுச்சுன்னு வீரமுத்துவுக்கு ஆச்சரியமாப் போச்சு. பிரிச்சுப் பாக்கலாம்னு விரலை வச்சாரு, வெளிய பாம் பாம்னு ஊருக்குப் போற பஸ்ஸு கிளம்புற சத்தம். காசைக் குடுத்துட்டு ஓடுனாரு. பஸ்ஸுல நிக்கவே இடமில்ல, ஒரு கையில கம்பி, ஒரு கையில புஸ்தகம், பிரிக்க வழியில்ல. வழி பூரா அந்த ஆட்டையே யோசிச்சுக்கிட்டு வந்தாரு. தாவியிருக்குமோ? யாராவது தூக்கி விட்டிருப்பாங்களோ? எதுக்குத் தூக்கி விடுவாங்க?

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழட்டுனாரு, நாற்காலிக்குக்கூடப் போகல, கூடத்துச் சுவர்ல சாஞ்சு காலை நீட்டி உக்காந்து புஸ்தகத்தைப் பிரிச்சாரு. முதல் பக்கம், படம். ரெண்டாவது பக்கம், படம். சரக்கு சரக்குன்னு திருப்புறாரு, கடைசி வரைக்கும் படம்தான். ஒரு எழுத்து இல்ல. பின்னாடி இருந்து திருப்புனாரு. தலைகீழா புடிச்சாரு. வெளிச்சத்துக்கு நேரா தூக்கிப் பாத்தாரு. ஏமாத்திட்டாங்களோன்னு முணுமுணுத்தாரு.

அப்போ கட்டிலுக்கு அடியில கொக்கரக்கோ நின்னுச்சு.

ரெண்டு கண்ணு எட்டிப் பாத்தது. "என்ன தேடுறீங்க மாமா?"

"எழுத்தைத் தேடுறேன் கண்ணு, ஒண்ணையும் காணோம். இந்த ஆடு எப்படி ஓட்டு மேல ஏறுச்சு? எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

அவரு வேணும்னு சொல்லல. நிஜமாவே அவருக்குத் தெரியல, பஸ்ஸுல இருந்து மண்டையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கு. அது புள்ளைக்குத் தெரியாதா? நல்லாத் தெரியும். மெதுவா ஊர்ந்து வெளிய வந்தது. அவரு கால் மாட்டுல நின்னு பாத்தது, அங்கயிருந்து சரியாத் தெரியல. முட்டிகிட்ட வந்தது. புஸ்தகத்தை வாங்கித் தட்டுச்சு, பட் பட், எழுத்து கீழ விழுதான்னு. விழல. அவரு தொடைக்கு அடியில கையை விட்டுத் தேடுச்சு. அங்கயும் இல்ல. அப்புறம் என்ன நினைச்சுதோ, அவரு கையை ரயில்வே கேட்டு மாதிரி தூக்குச்சு, உள்ள நுழைஞ்சுது, பொத்துன்னு மடியில உக்காந்துருச்சு.

வீரமுத்து மூச்சே விடல. விட்டா எந்திரிச்சுருமோன்னு பயம்.

"இது பறந்து போச்சு," அப்படின்னுச்சு ஆதிரை.

"ஆட்டுக்கு ரெக்கை எங்க இருக்கு?"

"ரெக்கையைக் கழட்டி ஓட்டுக்குள்ள வச்சிருக்கு. இந்த அம்மா பாத்தா திட்டுவாங்க இல்ல?"

ஓ, அப்படியான்னாரு. அதை அவரு யோசிக்கவே இல்ல. அடுத்த பக்கத்துல ஆடு பூசணிக்கொடியைத் தின்னுது, அது ஏன்னு ஆதிரை சொல்லுச்சு. அதுக்கு அடுத்த பக்கத்துல ஒரு தாத்தா குடையை விரிக்கிறாரு, மழையே இல்ல, அது ஏன்னு ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசுனாங்க. ஆடு புழுக்கை போடும் இல்ல, அதுக்குத்தான்னு கடைசியில முடிவாச்சு. வீரமுத்து குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சாரு, மடியில உக்காந்திருந்ததும் சேந்து குலுங்குச்சு.

அப்போ பக்கத்து வீட்டு ராஜகிளி வாசல்ல வந்து நின்னு, சல்லடை வேணும், அம்மா எங்கடின்னு சத்தமாக் கேட்டா. ஆதிரை திரும்பிக்கூடப் பாக்கல. வாயில ஒரு விரலை வச்சுக்கிச்சு.

"உஸ்ஸ். நான் அப்பாவுக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன்."

ராஜகிளி சல்லடையை மறந்துட்டு நின்னா. அடுப்படியில செண்பகம் கையில இருந்த கரண்டி அப்படியே நின்னு போச்சு. வீரமுத்துவுக்குப் பக்கம் எங்க இருக்கு, படம் எங்க இருக்குன்னே தெரியல, கண்ணு ரெண்டும் குளமாயிருச்சு. மீசை வரைக்கும் வழிஞ்சுது. தொடைக்கலாம்னா கையை எடுக்கணும், கையை எடுக்க மனசில்ல.

அந்தப் புள்ளைக்கு இதெல்லாம் எங்க தெரியுது? பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டு, முழங்கையால அவரு வயித்துல ஒரு இடி இடிச்சுது.

"திருப்புப்பா."

திருப்புனாரு.

என்ன, கண்ணைத் திறந்துட்டே? ஆடு நிஜமா எப்படி ஏறுச்சுன்னு என்னைக் கேக்காத, எனக்கும் தெரியாது. ஆதிரையும் தினம் ஒரு மாதிரி சொல்லுச்சு, அவரு தினமும் புதுசாக் கேட்டாரு. ம், குவைத்துக்குப் போனாரு. போகாம எப்படி? வேலை இருக்கே. அவரு கிளம்புற அன்னைக்கு அந்தப் புள்ள காலைக் கட்டிக்கிட்டு, வீடே இடிஞ்சு விழுற மாதிரி அழுதுச்சு. ஐயோ புள்ள இப்படி அழுவுதேன்னு செண்பகத்துக்குத் தாங்கல. வீரமுத்துவுக்கும் தாங்கலதான். ஆனா உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷமும் இருந்துச்சு. வந்துட்டுப் போற மாமாவுக்கு யாரு இப்படி அழுவா?

அவ்வளவுதான் கண்ணு. கதையும் கொட்டாவி விட்டுருச்சு, அத்தையும் விட்டாச்சு, இப்ப நீ விடு. தூங்கு.