கால் இல்லாத காய்ச்சல்

ஆடும் மாடும் காக்கையும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில் காய்ச்சலுக்கும் வாய் இருந்தது, கால்தான் இல்லை. தூசியைவிடச் சிறிதான அது ஆற்றங்கரைப் புதரில் கிடந்து, "என்னைத் தூக்கிக்கொண்டு போங்களேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் கெஞ்சும்.

எருமை ஒருநாள் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டது. உடம்பு கொதித்ததும் மந்தையை விட்டு விலகி, மரத்தடியில் தனியே படுத்துவிட்டது. தொற்ற வேறு உடம்பு கிடைக்காமல் காய்ச்சல் வாடி உதிர்ந்தது. காக்கை ஏற்றிக்கொண்டபோதும் அதே கதிதான்.

பிறகு வளையல் வியாபாரி மருதப்பன் அந்த வழியே வந்தான்.

"சந்தைக்கா? நானும் வரட்டுமா?" என்றது காய்ச்சல்.

"இத்தனூண்டு இருக்கிறாய், நீ என்ன பாரமா? ஏறிக்கொள்" என்றான்.

துறையை அடைவதற்குள் அவனுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. ஓடக்காரி செங்கமலம் பார்த்துவிட்டாள்.

"வீட்டுக்குத் திரும்புங்கள் அண்ணே."

"சந்தை நாளில் எவனாவது படுப்பானா?" என்று இருமிக்கொண்டே ஏறினான். ஓடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். சந்தையிலோ தோளோடு தோள் உரசும் கூட்டம். பொழுது சாய்வதற்குள் காய்ச்சல் இரண்டு கரை ஊர்களிலும் புகுந்துவிட்டது. பலர் மாண்டார்கள். செங்கமலத்தின் தங்கையும் போய்விட்டாள்.

அடுத்த சந்தை நாளில் செங்கமலத்துக்கே உடம்பு கொதித்தது. அவளுக்குள்ளிருந்து காய்ச்சல் பேசியது: "எழுந்திரு, ஓடத்தை எடு. ஜனம் காத்திருக்கிறது."

"இதற்கு ஏன் இவ்வளவு அவசரம்?" என்று அவள் திகைத்துக் கேட்டாள். முன்பு காய்ச்சலைச் சுமந்த எருமை வாசலில் படுத்திருந்தது. அது சொன்னது: "அதற்குக் கால் கிடையாது, பெண்ணே. நம் கால்தான் அதற்குக் கால்."

செங்கமலம் தள்ளாடி எழுந்தாள். துடுப்பை உள்ளே இழுத்துப் போட்டாள். வேப்பங்கொத்தை ஒடித்து வாசல் நிலையில் செருகினாள்.

"காய்கறியெல்லாம் அழுகுது, ஓடத்தை எடும்மா!" என்று வெளியே கத்தினார்கள்.

"இந்த வேப்பிலையைத் தாண்டி யாரும் வராதீர்கள். ஓடமும் வராது. கஞ்சி கொடுப்பவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போங்கள்!"

ஏசினார்கள், அவள் அசையவில்லை. நாளாக ஆகக் காய்ச்சலின் குரல் நடுங்கியது. "என்னைச் சாகவிடாதே, பாவி!"

"என் தங்கை கெஞ்சினாளே, நீ கேட்டாயா?" என்றாள் செங்கமலம்.

ஒரு விடியலில் அது சுருண்டு செத்தது. வியர்வையில் நனைந்து, தலை நிமிர்ந்து அவள் வெளியே வந்தபோது ஏசியவர்களே குலவையிட்டார்கள். நோய் கண்ட வீடுகளிலெல்லாம் வேப்பங்கொத்து ஏறியது. வீட்டுக்கு வீடு காய்ச்சல் மடிந்தது. இரண்டு கரைகளிலும் பறை முழங்கியது.

இருமல் தீராத மருதப்பன் மட்டும், ஆழமில்லாத இடமாகப் பார்த்து ஆற்றில் இறங்கி வேறொரு சந்தைக்குப் போய்விட்டான்.

அவனோடு தப்பிய காய்ச்சல், அன்றிலிருந்துதான் அடுத்தவர் காலில் கூட்டம் கூடும் இடமாகத் தேடி அலைகிறது. வேப்பிலை செருகிய வாசலுக்குள் மாட்டிக்கொண்டாலோ, தூக்கிப்போக ஆளில்லாமல் அங்கேயே சாகிறது.