யாருக்கும் இல்லாத பேர்

வல்லம்பாடியை மங்கலராயர் என்று ஒரு ராஜா ஆண்டார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நல்லது செய்ய இன்னும் நேரம் கிடைக்காதவர், அவ்வளவுதான். குளித்து, உடுத்தி, புலவர்கள் பாடும் புகழைக் கேட்டு முடிக்கவே பொழுது சாய்ந்துவிடும், பாவம்.

அவருக்கு இரண்டாவதாக ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மூத்தவனுக்கு அப்பா வழித் தாத்தா பேர், இளையவனுக்கு அம்மா வழித் தாத்தா பேர். அதுதான் அந்த ஊர் வழக்கம். ராணி செண்பகவல்லியின் தகப்பனார் காத்தப்பன். பெருவெள்ளம் வந்த வருஷம் தன் களஞ்சியத்தைத் திறந்து ஊருக்கே சோறு போட்ட பாளையக்காரர். இந்தப் பேரன் முகம் பார்க்காமலே கண்ணை மூடிவிட்டார். ராணிக்கு அந்தத் துக்கம் இன்னும் ஆறவில்லை.

தொட்டிலில் போட்டுப் பேர் வைக்கும் நாள் நெருங்கியது. ராஜா சபையில் மூக்கைச் சுளித்தார்.

"காத்தப்பனா? வெற்றிலைக் கடைக்காரன் காத்தப்பன். எண்ணெய் வியாபாரி காத்தப்பன். எனக்குச் சவரம் பண்றவனும் காத்தப்பன்தான். பல்லக்குத் தூக்குறவங்கள்ல முன்னாடி ஒரு காத்தப்பன், பின்னாடி ஒரு காத்தப்பன். கடைத்தெருவுல நின்னு கூப்பிட்டா பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். அந்தப் பேரா என் பிள்ளைக்கு?"

பக்கத்தில் இருந்த ராணி மெல்லச் சொன்னாள். "தாத்தா பேரைச் சுமக்கிறதாலதானே பேரன்னே சொல்றோம். இன்னொண்ணும் இருக்கு. காத்தப்பான்னு கூப்பிட்டுப் பாருங்க. கடைசியில அப்பான்னு வாய் நிறைய வருது. இனிமே அப்படிக் கூப்பிட எனக்கு வேற யார் இருக்கா?"

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ராஜாவுக்கும் என்னவோ போல் ஆனது. ஆனால் பிடித்த பிடியை விட்டால் அப்புறம் என்ன ராஜா?

ஆஸ்தானப் புலவர் சந்திரமௌலியார் சமயம் பார்த்து எழுந்தார். "அரசே, அடியேன் ஒரு பேர் கட்டி வச்சிருக்கேன். பிரசண்ட துங்க புஜபல பராக்கிரம சிகாமணி."

அரண்மனை விகடர் குற்றாலத்துக்கும் இந்தப் புலவருக்கும் ஏழாம் பொருத்தம். "அருமையான பேர்" என்றார் குற்றாலம். "என்ன ஒண்ணு, பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிட ஆரம்பிச்சா, பேர் முடியறதுக்குள்ள சோறு ஆறிடும்."

சபை சிரித்தது. புலவர் முகம் சுண்டிப்போனது. "அப்படின்னா இவரையே தேடச் சொல்லுங்க அரசே. பேர் சின்னதா இருக்கணும். கம்பீரமா இருக்கணும். நாட்டுல ஒருத்தருக்கும் இருக்கக் கூடாது. கிடைக்கலைன்னா இவர் இந்தச் சபைப் பக்கமே தலைவச்சுப் படுக்கக் கூடாது."

"சரியான யோசனை" என்றார் ராஜா. "ஓய் குற்றாலம், கிடைச்சா அதையே வச்சுடுவோம். புறப்படும்."

குற்றாலம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார். தொட்டில் நாளன்றுதான் திரும்பி வந்தார்.

"கிடைச்சுது அரசே. மகரகேது."

ராஜா அதைப் பாயசம் மாதிரி ருசித்தார். "மகரகேது. மகர... கேது. அடடா, என்ன மிடுக்கு. நிஜமாவே யாருக்கும் இல்லையே?"

"மலையடிவாரத்துல ஆரம்பிச்சுக் கடற்கரை வரைக்கும் வீடு வீடா விசாரிச்சாச்சு. நாலு தலைமுறையா ஒரு தாய்கூடத் தன் பிள்ளைக்கு அந்தப் பேரை வைக்கல."

ராணி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். விகடராவது தன் பக்கம் நிற்பார் என்று நம்பியிருந்தாள்.

ராஜா சந்தோஷமாக மோதிரத்தைக் கழற்றப் போனார். கை பாதியில் நின்றது. "நாலு தலைமுறைக்கு முன்னாடி யாருக்கோ இருந்திருக்கு, அப்படித்தானே? யார் அந்தப் புண்ணியவான்?"

"இதே சிம்மாசனத்துல உட்கார்ந்திருந்தவர்தான் அரசே. சின்ன வயசுல நீங்க சாப்பிட அடம் பிடிச்சா, யார் வர்றார்னு சொல்லிப் பயம் காட்டுவாங்க?"

ராஜாவின் கை தானாகக் கழுத்தைத் தடவியது. "தலைவெட்டி ராஜா."

"அவருக்குப் பெத்தவங்க வச்ச பேர் மகரகேது. ஜனங்களுக்கு அதை வாயால சொல்லக்கூட மனசில்ல. கோட்டை வாசல் கல்லுல மட்டும் வெட்டியிருந்தது. அந்தக் கல்லையும் பேர்த்துட்டுப் போய் ஆத்தங்கரையில போட்டுத் துணி துவைக்கிறாங்க. ஈரத்துணியை ஒதுக்கிட்டுத்தான் படிச்சேன்."

குற்றாலம் தொட்டில் பக்கம் திரும்பினார்.

"வெள்ளத்துல பிழைச்சவங்க பெத்த பிள்ளைங்கதான் அந்த வெற்றிலைக் கடைக்காரரும் எண்ணெய் வியாபாரியும். காத்தப்பன்னு வைக்கச் சொல்லி யாரும் தண்டோரா போடல. அவங்களா வச்சாங்க. இப்ப உங்க இஷ்டம் அரசே. ஊரே விரும்பின பேரும் இருக்கு, ஊரே வெறுத்த பேரும் இருக்கு. எதை வைக்கலாம்?"

ராஜா குழந்தையைப் பார்த்தார். ராணியைப் பார்த்தார். "நீயே கூப்பிடும்மா" என்றார்.

ராணி குனிந்து குழந்தையின் காதில், "காத்தப்பா" என்றாள். அழுகையும் சிரிப்புமாக மறுபடியும் கூப்பிட்டாள். அவளுக்கு அது அலுக்கவே இல்லை.

ராஜா இத்தோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது? விகடரை அருகே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஓய், வீடு வீடா விசாரிச்சேன்னு சொன்னீரே. மங்கலராயன்னு என் பேரை எத்தனை பிள்ளைங்களுக்கு வச்சிருக்காங்க?"

குற்றாலம் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு பணிவாகச் சொன்னார்.

"தங்களுக்குப் பிடிச்ச மாதிரியேதான் அரசே. ரொம்ப ரொம்ப அபூர்வமான பேர்."

ராஜா மீசையை முறுக்கினார். உதட்டைக் கடித்தார். பிறகு அடக்க முடியாமல் வயிறு குலுங்கச் சிரித்தார். மோதிரத்தை முழுசாகக் கழற்றி விகடரின் கையில் வைத்தார்.

"இப்ப வச்சுக்கும். கொஞ்ச காலம் பொறுத்து இன்னொரு தடவை போய் விசாரிச்சுட்டு வாரும்."