மின்மினிகள் சேர்ந்து எரிந்து சேர்ந்து அணைவது ஏன்?

மிருகமும் பறவையும் பூச்சியும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், இருட்டில் பார்க்கும் கண் எந்த உயிருக்கும் வாய்த்திருக்கவில்லை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் யானைக்கும் வழி தெரியாது, எலிக்கும் வழி தெரியாது. அதனால் மேற்குமலையின் ஒவ்வொரு சோலையிலும் நடுவில் ஒரு தீக்குழி இருந்தது. அந்தி சாயும்போது அதில் விறகைப் போட்டுக் கொளுத்துவார்கள். அந்த வெளிச்சத்தில்தான் எல்லோரும் இரை தேடினார்கள், தண்ணீர் குடிக்கப் போனார்கள், குட்டிகளை எண்ணிப் படுக்க வைத்தார்கள்.

மின்மினிகளுக்கும் அப்போதே ஒளி இருந்தது. இப்போது போல விட்டுவிட்டு அல்ல. ஏற்றினால் ஏற்றியபடி நின்று எரியும். வெளியே சதுப்பு நிலத்தில் இருந்த மின்மினிகள் இஷ்டம்போல ஏற்றிக்கொண்டன. நாவற்சோலை என்ற ஒரு சோலைக்குள் இருந்தவை மட்டும் வயிற்றை இலைக்கடியில் மறைத்துக்கொண்டு இருட்டிலேயே வாழ்ந்தன.

அதற்குக் காரணம் அந்தச் சோலையில் நடந்த ஒரு பெரும் விபத்து. குரங்கு ஒன்று தீக்குழியிலிருந்து எரியும் கொள்ளியை உருவி எடுத்துக்கொண்டு ஓடைக்குக் கிளம்பியது. வழியில் காய்ந்த புல்லில் பொறி விழுந்தது. பாதிச் சோலை எரிந்துபோனது. கரடியின் தாய் அந்தத் தீயில் மாட்டிக்கொண்டு செத்தாள். சாம்பல் ஆறுவதற்குள் சோலைக்காரர்கள் கூடி ஒரு சட்டம் போட்டார்கள். தீக்குழிக்கு வெளியே யாரும் ஒளி ஏற்றக் கூடாது. ஏற்றினால் சோலையை விட்டுப் போய்விட வேண்டும். ஒவ்வொரு குடும்பமும் சம்மதித்தால்தான் இந்தச் சட்டத்தை நீக்கலாம்.

போட்டபோது அது நல்ல சட்டம்தான். சுடாத ஒளி என்று ஒன்று இருப்பது அன்றைக்கு யார் நினைவுக்கும் வரவில்லை.

கரடி அப்போது குட்டி. வளர்ந்த பிறகு தீக்குழிக் காவலை அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு பொறிகூட வெளியே தெறிக்காமல் பார்த்துக்கொண்டான். முள்ளம்பன்றியின் குடும்பமும் காட்டுப்பன்றியின் குடும்பமும் அவனுக்கு விறகு கொண்டுவந்து கொடுத்தன. அந்த வேலைக்காக, உதிரும் நாவல் பழத்தில் முதல் பங்கு அவற்றுக்கு என்பது வழக்கமாக இருந்தது.

ஆண்டுகள் போகப் போகத் தீக்குழிகளின் புகை மலைமேல் படிந்து நின்றுவிட்டது. தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வேறு மலைக்குப் போயின. விறகுக்காக மரங்கள் குறைந்ததால் கோடையில் ஓடை இளைத்தது. நாவற்சோலையில் எரித்த புகை பக்கத்துச் சோலைக் குட்டிகளை இரும வைத்தது. பக்கத்துச் சோலைப் புகை இங்கே வந்தது.

ஒவ்வொரு சோலையின் உள்விவகாரத்தையும் அந்தந்தச் சோலையே பார்த்துக்கொள்ளும். ஓடையும் காற்றும் மண்ணும் எல்லோருக்கும் பொது என்பதால் அவற்றை மலைச்சபை பார்த்துக்கொள்ளும். அந்தச் சபைக்குத் தலைவி மூத்த பெண் யானை. எல்லோரும் அவளைப் பெரியம்மா என்று அழைத்தார்கள். பல நாள் பேசிய பிறகு மலைச்சபை ஒரு சட்டம் போட்டது. அடுத்த கோடை மழைக்குள் எல்லாத் தீக்குழியும் அணைய வேண்டும். அதன் பிறகு சோலைகளில் மின்மினிகள் ஒளி தர வேண்டும். அதற்கு இடம் கொடுக்காத சோலைக்குப் பொது ஓடையில் தண்ணீர் கிடையாது.

சபையின் தூதனான கரிச்சான் குருவி இந்தச் செய்தியைக் கொண்டுவந்து சொன்னபோது நாவற்சோலையில் யாருக்கும் பிடிக்கவில்லை.

"எங்கள் சோலையில் எந்த வெளிச்சம் எரிய வேண்டும் என்று மலை எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டான் கரடி. "வெளிச்சம் சோலையின் விஷயம்."

"புகை மலையின் விஷயம் என்கிறாள் பெரியம்மா" என்றது கரிச்சான்.

"விறகு சுமக்கிறவர்கள் என்ன செய்வார்கள்? அதைப் பற்றி உங்கள் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா?"

சட்டத்தில் அப்படி எதுவும் இருக்கவில்லை.

அந்தச் சோலையில் சுடரி என்று ஒரு மின்மினி இருந்தாள். ஒரு பெரிய மரத்தின் பட்டைக்கு அடியில் குடியிருந்தாள். அதே மரத்தின் பொந்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம். முட்டையிடும் காலம் வந்ததும் பெண் இருவாச்சி பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் பூசி அடைத்துக்கொண்டுவிட்டாள். அலகு நீட்டும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் திறந்திருந்தது. அவளுடைய புருஷன் அந்தக் கீற்று வழியாக அத்திப் பழம் ஊட்டினான். சுடரியின் குஞ்சுகள் மரத்தடியில் உளுத்துக் கிடந்த ஈரக்கட்டைக்குள் வளர்ந்துகொண்டிருந்தன.

கோடை மழை நெருங்கியது. தீக்குழி அணையவில்லை. கரிச்சான் மறுபடி வந்து சுடரியிடம் பேசியது.

"மற்றச் சோலைகளில் எல்லாம் மின்மினிகள் ஏற்றிவிட்டன. நீங்கள் ஏற்றாவிட்டால் உங்கள் சோலைக்குத் தண்ணீர் நின்றுவிடும், சுடரி."

"ஏற்றினால் நாங்கள் சோலையை விட்டுப் போக வேண்டும். என் குஞ்சுகள் கட்டைக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு இன்னும் இறக்கை முளைக்கவில்லை. அவற்றை யார் தூக்கிக்கொண்டு போவது?"

"இரண்டு சட்டத்தில் எதை மதிப்பாய்?"

"அதை நீங்களும் அவர்களும் உட்கார்ந்து பேச வேண்டாமா? என்னிடம் வந்து கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்றாள் சுடரி. அவளுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் பகல் முழுவதும் மூடுபனி விலகவே இல்லை. வந்த விறகெல்லாம் ஈரம். அந்தி சாயும்போது கரடி ஊதி ஊதிப் பார்த்தான். தீ பிடிக்கவில்லை, புகைதான் எழுந்தது. காற்றும் அசையவில்லை. புகை பனியோடு கலந்து சோலையை நிரப்பியது. பொந்தின் கீற்று வழியாகவும் உள்ளே இறங்கியது.

உள்ளே இருந்த பெண் இருவாச்சி முதலில் இருமினாள். பிறகு அலகால் மண்சுவரை இடித்தாள். உள்ளிருந்து இடிக்க இடம் போதவில்லை. அடைகாக்கும் காலத்தில் சிறகு உதிர்ந்திருந்ததால் பலமும் இல்லை. அத்திப் பழத்தோடு திரும்பிய ஆண் இருவாச்சிக்குச் சத்தம் கேட்டது, மரம் தெரியவில்லை. புகைக்குள் இங்கும் அங்கும் பறந்து வேறு வேறு மரங்களில் மோதினான்.

"எங்கே இருக்கிறாய்? பேசு!" என்று கத்தினான்.

உள்ளே இருந்தவளால் பேச முடியவில்லை. இடிக்கும் சத்தமும் மெலிந்துகொண்டே வந்தது.

சுடரி பட்டைக்கடியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈரக்கட்டையை ஒருமுறை நினைத்தாள். பிறகு வெளியே வந்து, பொந்து வாசலில் பூசியிருந்த மண்ணின் மேல் உட்கார்ந்து ஒளியை ஏற்றினாள். அவள் தங்கைகள் அவளுக்குப் பக்கத்தில் வந்து ஏற்றினார்கள். அடிமரம் முதல் உச்சிக்கொம்பு வரை அந்த மரத்து மின்மினிகள் அத்தனையும் ஏற்றின. புகைக்குள் அந்த ஒரு மரம் மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

இருவாச்சி நேராக வந்து மண்சுவரைக் கொத்தினான். அலகின் நுனி உடைந்தது. விடாமல் கொத்தினான். சுவர் பெயர்ந்து விழுந்ததும் பெண் இருவாச்சி, பொரிந்திருந்த குஞ்சை அலகில் கவ்வியபடி வெளியே சரிந்து, கீழே சருகின் மேல் விழுந்தாள். வெகுநேரம் அசையாமல் கிடந்தாள். பிறகு மூச்சு வந்தது. குஞ்சும் கத்தியது.

விடிந்ததும் சோலை கூடியது. செய்தி கேட்டுப் பெரியம்மாவும் வந்து எல்லைக்கு வெளியே நின்றாள். கூப்பிடாமல் இன்னொருவர் சோலைக்குள் காலடி வைப்பது அவளுக்கு வழக்கமில்லை.

"நீ ஒளி ஏற்றினாயா?" என்று கரடி கேட்டான்.

"ஏற்றினேன்" என்றாள் சுடரி.

"சட்டம் தெரியுமா?"

"தெரியும் அண்ணா. தெரிந்துதான் ஏற்றினேன்."

கரடி தரையைப் பார்த்தான். "என் தாய் செத்ததற்காகப் போட்ட சட்டம் அது" என்றான்.

"உங்கள் கையை நீட்டுங்கள்."

கரடி யோசித்தான். பிறகு உள்ளங்கையை நீட்டினான். சுடரி அதன்மேல் உட்கார்ந்து ஒளியை ஏற்றினாள். கரடியின் தோள் தானாகப் பின்வாங்கியது. ஆனால் கை சுடவில்லை. அவன் அந்த ஒளியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். சருகு ஒன்றை எடுத்து அதன்மேல் வைத்தான். சருகு சருகாகவே இருந்தது.

"இது எரிக்காது" என்று கடைசியில் சொன்னான். "இந்தச் சட்டத்தை நீக்கலாம் என்று நான் சொல்கிறேன். யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

"எனக்கு உண்டு" என்றது முள்ளம்பன்றி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"தீக்குழியை அணைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அணையுங்கள். தண்ணீர் இல்லாமல் எங்களாலும் வாழ முடியாது. நேற்று ராத்திரி ஏற்றியதற்காக இவளைப் போகச் சொல்லவும் இல்லை. ஆனால் நாம் போட்ட சட்டத்தை மலைக்குப் பயந்து நீக்க நான் சம்மதிக்க மாட்டேன். இன்றைக்கு இதை விட்டால், நாவல் பழத்தை எப்போது பொறுக்குவது என்றும் நாளைக்கு மலைதான் சொல்லும். விறகு சுமந்த எங்களை ஒரு வார்த்தை கேட்டார்களா?"

இருவாச்சி கெஞ்சிப் பார்த்தான். காட்டுப்பன்றி திட்டிப் பார்த்தது. முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்தது.

எல்லைக்கு வெளியே இருந்து பெரியம்மா பேசினாள். "முள்ளம்பன்றி சொல்வதில் ஒன்று சரி. விறகு சுமந்தவர்களைப் பற்றி நாங்கள் யோசிக்கவில்லை. அது எங்கள் தப்பு. தோண்டத் தெரிந்தவர்களுக்கு மலையில் வேலை இருக்கிறது. இனி எல்லாச் சோலையிலும் கறையான் புற்றில் முதல் உரிமை கரடிக்கு. மண்ணுக்கடியில் இருக்கிற கிழங்கில் முதல் உரிமை முள்ளம்பன்றிக்கும் காட்டுப்பன்றிக்கும். இதை மலைச்சட்டத்தில் சேர்க்கிறேன். ஆனால் உங்கள் சோலைச் சட்டத்தை மிதித்து அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. மின்மினி ஒளி வேண்டும் என்ற என் சட்டத்தை விடவும் முடியாது."

கிழங்கு என்றதும் முள்ளம்பன்றியின் முட்கள் கொஞ்சம் படிந்தன. ஆனாலும் சம்மதம் மட்டும் வரவில்லை.

கரடிக்கு எரிச்சல் வந்தது. "மலை எரி என்கிறது, சோலை அணை என்கிறது. இந்தப் பெண் என்ன செய்வாள்? எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து கொண்டிருப்பாளா?"

யாரோ சிரித்தார்கள். சுடரி சிரிக்கவில்லை.

"அப்படியே செய்தால் என்ன?" என்றாள். "ஒரு மூச்சு எரிகிறோம், அது மலைக்கு. ஒரு மூச்சு அணைகிறோம், அது சோலைக்கு. இரண்டு பேர் சொல்லையும் நாங்கள் மீறவில்லையே."

"பாதி நேரம் இருட்டாக இருக்குமே, எப்படி நடப்பது?" என்று மான் கேட்டது.

"எரியும்போது அடுத்த அடியைப் பார்த்து வைத்துக்கொள். அணையும்போது அந்த அடியை எடுத்து வை."

பெரியம்மா முள்ளம்பன்றியைப் பார்த்தாள். அது "பார்க்கலாம்" என்றது.

அன்று மாலை கரடி தானே ஈரமண்ணை அள்ளிப்போட்டுத் தீக்குழியை மூடினான். கடைசிக் கங்கு மங்கும்வரை அங்கேயே நின்றான். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஒரு புற்றைத் தேடிப் போனான்.

மின்மினிகள் வெளியே வந்தன. ஒன்று எரியும்போது இன்னொன்று அணைந்தது, அது அணையும்போது வேறொன்று எரிந்தது. மான்களுக்குச் சந்தோஷம். முள்ளம்பன்றி மட்டும் மரம் மரமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"இது ஏமாற்று வேலை. எப்போது பார்த்தாலும் எங்காவது ஒருத்தி எரிந்துகொண்டிருக்கிறாள். சோலைச் சட்டத்துக்கு ஒரு மூச்சுகூடக் கிடைக்கவில்லை."

சுடரி கொஞ்சம் யோசித்தாள். அது சொன்னது உண்மைதான். அவள் நாவல் மரத்தின் உச்சிக்குப் போய், "எல்லோரும் என்னைப் பாருங்கள். நான் எரிந்தால் எரியுங்கள், நான் அணைந்தால் அணையுங்கள்" என்றாள். முதலில் தடுமாறியது. கீழ்க்கொம்பில் இருந்தவை பிந்தின, அவசரக்காரர்கள் முந்தினார்கள். பலமுறை தவறிய பிறகு, ஒரு தடவை சோலை முழுவதும் ஒரே மூச்சில் பச்சையாக எரிந்தது. ஒரே மூச்சில் இருண்டது. மறுபடி எரிந்தது.

முள்ளம்பன்றி இருட்டின்போது ஒருமுறை தலையாட்டியது. அடுத்து எரிந்தபோது அது பழையபடி உட்கார்ந்திருந்ததால், தலையாட்டியதை யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பெரியம்மா, நாவற்சோலைக்கு ஓடைத் தண்ணீர் நிற்காது என்று சொல்லி அனுப்பினாள். மற்றச் சோலை மின்மினிகளும் இதைப் பார்த்துவிட்டு, இப்படி எரிந்தால் களைப்பு குறைகிறது என்று இதையே பழகிக்கொண்டன. பாதி இருட்டில் நடந்து நடந்து மிருகங்களின் கண்களும் மெல்ல மெல்ல இருட்டுக்குப் பழகின. பெண் இருவாச்சிக்குச் சிறகு மறுபடி முளைத்தது. சுடரியின் குஞ்சுகள் இறக்கை முளைத்துக் கட்டையை விட்டு வெளியே வந்ததும், தாயைப் பார்த்து எரிந்து, தாயைப் பார்த்து அணைந்தன.

மலைச்சட்டம் அப்படியே இருக்கிறது. சோலைச் சட்டத்தை நீக்க முள்ளம்பன்றிக் குடும்பம் இன்னும் சம்மதிக்கவில்லை. கோடை மழைக்கு முந்தைய நாட்களில் மேற்குமலைச் சோலைகளில் மின்மினிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து எரிந்து, சேர்ந்து அணையத் தொடங்கியது இப்படித்தான்.