ஒரு ஃபைல் குறைகிறது

"டீச்சர், ஒண்ணே ஒண்ணை மட்டும் இங்கேயே விட்டுட்டுப் போனா என்ன ஆகும்?"

கேட்டவர் குழந்தைவேலு, வயது ஐம்பத்தாறு. டீச்சர் மெஹருன்னிசாவுக்கு இருபத்தொன்பது.

திருச்சியில் வீடுகளுக்கு வரைபடம் போட்டுத் தரும் அலுவலகம் அது. மெஹருன்னிசா புதன்கிழமைதோறும் வந்து கம்ப்யூட்டர்களைக் கவனித்துவிட்டுப் போவாள். சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலையை முதலாளி குழந்தைவேலுவின் தலையில் கட்டிய நாளிலிருந்து அவர் அவளுக்குச் சிஷ்யர். முதலில் கேலியாகத்தான் டீச்சர் என்று கூப்பிட்டார். மூன்றாவது வாரம் கேலி போய்விட்டது, டீச்சர் மட்டும் நிலைத்துவிட்டது. இன்று பழைய டிஸ்கில் இருப்பதையெல்லாம் புது டிஸ்குக்கு மாற்றும் நாள்.

அவள் புது டிஸ்கை உறையிலிருந்து எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"கனமா இருக்கா?"

"இல்லை."

"பழசை மாதிரி நாலு மடங்கு கொள்ளும். ஒண்ணை ஏன் விடணும்?"

"வேண்டாதது."

"யாருக்கு?"

குழந்தைவேலு டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

மெஹருன்னிசா திரையில் ஓர் எண்ணைப் படித்தாள். பேனாவை எடுத்து அவர் உள்ளங்கையிலேயே அதை எழுதினாள். இரண்டு லட்சத்துப் பதினாலாயிரத்து முந்நூற்று ஆறு.

"இங்கே இத்தனை ஃபைல் இருக்கு. அங்கேயும் இத்தனை வரணும். வந்தாத்தான் பழசைக் கழட்டுவேன்."

"ஒண்ணு குறைஞ்சா?"

"கழட்ட மாட்டேன்."

அந்தப் பழைய டிஸ்குக்கு அலுவலகத்தில் 'பொது' என்று பெயர். எல்லாருடைய வேலையும் அதில்தான் கிடந்தது. அதில் யாரும் எதையும் அழிக்க முடியாது. ஒருமுறை யாரோ ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தையே தவறுதலாக அழித்துவிட்டார்கள். முதலாளி வானத்துக்கும் பூமிக்கும் குதித்துவிட்டு ஒரு விதி போட்டார். போடலாம், படிக்கலாம், அழிக்கக் கூடாது. திருத்தினாலோ, திருத்தியவர் பெயர் பக்கத்திலேயே வந்து விழும்.

அந்த விதி வருவதற்கு ஒரு வாரம் முன்பு குழந்தைவேலு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மொட்டைக் கடிதம்.

ஒரு வீட்டின் மாடிப்படியை இடித்துக் கட்ட வேண்டி வந்தது. கூட வேலை பார்க்கும் சவரிமுத்து அளவெடுத்த லட்சணம் இது என்று முதலாளிக்கு எழுதி, அச்செடுத்து, அவர் மேஜையில் வைத்துவிட்டார். உண்மையில் சவரிமுத்துவின் அளவு சரி. பழைய அளவைப் பார்த்து வரைந்தவர் குழந்தைவேலு.

கை மட்டும் பழக்கதோஷத்தில் கடிதத்தைப் பொதுவில் சேமித்துவிட்டது. 'குளியலறை ஓடு விவரம் 2' என்று பெயர் வைக்கிற அளவுக்குத்தான் அன்றைக்கு மூளை வேலை செய்தது. அழிக்க நினைவு வந்தபோது விதி வந்திருந்தது.

வெயிலில் நின்று கட்டடம் பார்த்துக்கொண்டிருந்த சவரிமுத்துவைப் பின்னறையில் உட்கார வைத்தார்கள். பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்கிற வேலை. ஆறு வருடம் ஆயிற்று. இன்றும் மத்தியானம் இருவரும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறார்கள். சவரிமுத்து தன் டப்பாவிலிருந்து ஒரு துண்டு வறுத்த மீனை எடுத்து இவர் தட்டில் வைப்பார். இவர் வெட்கத்தோடு தின்பார். வெட்கம் என்பதற்கு மேல் அதற்கு வேறு பெயர் கிடையாது.

"ஆரம்பிக்கலாமா, சார்?"

"ம்."

அவள் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனாள்.

சர்வர் அறை குளிர்ந்து கிடந்தது. இயந்திரம் ஒரே சுருதியில் முனகியது. வெளியே மத்தியானம் இரண்டு மணி வெயில் என்று யாராவது சொன்னால் நம்ப முடியாது.

திரையில் பெயர்கள் ஓடின. உறையூர் வீடு. உறையூர் வீடு கடைசி. உறையூர் வீடு கடைசி இதுதான். பூஜையறை மாற்றியது. கிணறு மூடியது. கிணறு மூட வேண்டாம்.

குழந்தைவேலுவுக்குக் கண் செருகியது.

வீடுகள் நடக்க ஆரம்பித்தன. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சமையலறை போனது. தண்ணீர்த் தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மொட்டை மாடி போனது. கட்டாமலே நின்றுபோன வீடுகளும் வந்தன, பின்னால், கூச்சத்தோடு. ஒன்றும் இடித்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் அந்தப் பக்கம் இடம் இருந்தது. ஊரே போய்க்கொண்டிருந்தது, ஒரு சத்தம் இல்லை.

கடைசியில் ஒரு மாடிப்படி வந்தது. அது மட்டும் நடுவழியில் நின்றுவிட்டது.

"சார்."

கண்ணைத் திறந்தார். மெஹருன்னிசா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்க கையைக் காட்டுங்க."

காட்டினார். அவள் உள்ளங்கையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒண்ணு குறையுது."

"எது?"

"குளியலறை ஓடு விவரம் ரெண்டு."

அவர் நெஞ்சு குளிர்ந்தது. அவர் எதையும் தொடவில்லை, தெய்வமே பார்த்து விட்டுவிட்டது! சிரிப்பை அடக்க மிகவும் பாடுபட்டார்.

"ஓடுதானே டீச்சர், போனாப் போகுது."

"போக முடியாம நிக்குது சார். யாரோ திறந்து வச்சிருக்காங்க. மூடினாத்தான் வரும்."

"யாரு?"

அவள் திரையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினாள். பின்னறைக் கம்ப்யூட்டர். அதில் உட்காருகிற ஆள் ஒருவர்தான்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், நீங்க இங்கிருந்தே மூடிட முடியாதா?"

"முடியும்."

"அப்ப மூடிடுங்க."

அவள் எழுந்து போய் அறைக் கதவைத் திறந்தாள். திறந்தபடியே பிடித்துக்கொண்டு நின்றாள். வெக்கை உள்ளே நுழைந்தது.

"கதவு திறந்திருந்தா மெஷின் சூடாயிடும். சீக்கிரம் போயிட்டு வாங்க."

குழந்தைவேலு போனார். நீளமான வராந்தா ஒன்றும் இல்லை, மொத்தம் இருபது அடி. அவருக்கு அது முடியவே இல்லை.

பின்னறையில் சவரிமுத்து திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பவில்லை.

"வா வேலு. ஓடு விவரம் படிச்சிக்கிட்டிருக்கேன்."

குழந்தைவேலு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப பார்த்தே?"

"நாலு வருஷம் இருக்கும். ஒரு பார்ட்டி பாத்ரூம் ஓடு கேட்டாங்க. தேடினேன், இது வந்துச்சு. அப்பப்ப எடுத்துப் பார்ப்பேன். இன்னிக்கு எல்லாம் இடம் மாறுதுன்னாங்க, இன்னொரு தடவை பார்த்துக்குவோம்னு எடுத்தேன்."

"நான்னு தெரியுமா?"

"அந்தப் படிக்கு அளவு கொடுத்தது நான், வாங்கினது நீ. மூணாவது ஆளே இல்லையே."

மின்விசிறி சுற்றியது. மேஜைமேல் பழைய வரைபடம் ஒன்று நுனி தூக்கித் தூக்கிப் படுத்தது.

"தெரிஞ்சுமா என்கூட உட்கார்ந்து சாப்பிட்டே?"

"பசிச்சுதே."

குழந்தைவேலுவுக்கு அழுகை வந்தது. அழுதார். வயதான மனிதர் அலுவலகத்தில் அழுவது பார்க்க நன்றாக இருக்காது. சவரிமுத்து பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் அளவு சரி, சவரி. நான்தான் பழசைப் பார்த்து வரைஞ்சேன். பயத்துல எழுதிட்டேன்."

"ம்."

"அதை மூடிடுறியா? அங்கே டீச்சர் கதவைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க."

"மூடலாம். இதைப் படிக்கிறப்ப எல்லாம் ஒண்ணு இடிக்குது."

"என்ன?"

சவரிமுத்து கடிதத்தைக் கீழே வரை நகர்த்தினார். 'இப்படிக்கு' என்று இருந்தது. அதன்கீழ் வெறும் வெள்ளை.

அவர் எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தார். கீபோர்டை இவர் பக்கம் தள்ளினார்.

குழந்தைவேலு உட்கார்ந்தார். நாளைக்கு முதலாளி திறந்தாலும் தெரியும். எவர் திறந்தாலும் தெரியும். புது டிஸ்க், இன்னும் பத்து வருடமாவது ஓடும்.

விரல்கள் எழுத்தைத் தேடின. சொந்தப் பெயரை அடிக்க அத்தனை நேரம் அவருக்கு இதுவரை ஆனதில்லை.

சவரிமுத்து தோள்வழியாகக் குனிந்து படித்துப் பார்த்தார்.

"இப்ப மூடு," என்றார்.